மாடி ஏற மறுக்கும் முயல்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். பஞ்சு, மிளகு என்று எட்டு மாத முயல்கள் இரண்டு வளர்க்கிறோம். இரண்டுமே பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். பொங்கலுக்கு அப்புறம் கார்பென்டரை வைத்து பால்கனியில் இரண்டடுக்குக் கூண்டு செய்தோம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு இரண்டடி உயரம். மேல்தளத்துக்குக் கம்பிவலை போட்டு, கழிவு விழ அடியில் தட்டு வைத்திருக்கிறோம். ஏறுவதற்கு இரண்டரை அடி நீளத்தில் ஒரு பலகை. துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று அதில் சன்மைக்கா ஒட்டச் சொன்னேன். மூன்று வாரமாகியும் ஒன்றுகூட மேலே போகவில்லை. ஆறாவது படிக்கும் என் மகன் தூக்கி மேலே விடுகிறான். மிளகு உடனே குதித்து இறங்கிவிடுகிறாள். பஞ்சு ஒரு மூலையில் உட்கார்ந்து பின்னங்காலால் தட்டிக்கொண்டே இருக்கிறாள். நேற்றிலிருந்து, பசித்தால் தானாக ஏறும் என்று தீனியை மேலே மட்டும் வைக்கிறான். என் மாமியார் "பொந்துல இருக்குற பிராணிக்கு மாடி எதுக்கும்மா?" என்கிறார். இதைப் பழக்க முடியுமா, இல்லை கூண்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
பெரம்பூர் வாசகி

பதில்: முதலில் தீனியைக் கீழே இறக்கி வையுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. முயலின் குடல் அப்படி இல்லை. அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, குடல் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் குடலின் அசைவு குறையும், வாயு சேரும், வலி வரும். வலி வந்த முயல் இன்னும் சாப்பிடாது. ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். அதனால் பட்டினி போட்டு முயலுக்கு எதையும் கற்றுத்தர முடியாது. இன்று அவை போடும் புழுக்கையைப் பாருங்கள். சின்னக் கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, நிறைய இருந்தால் கவலை இல்லை. சிறுத்தோ, எண்ணிக்கை குறைந்தோ, அறவே இல்லாமலோ இருந்தால் இன்றே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெரம்பூரிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அடுத்தது, தூக்கி மேலே விடுவதைத் தம்பி இன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். முயலின் பின்னங்கால் தசைகள் உடம்புக்கு மீறிய பலம் உள்ளவை. எலும்புகளோ மிக லேசானவை. பிடி நழுவும்போது காற்றில் ஒரு உதை விட்டால் போதும், அதன் சொந்த பலமே இடுப்புக்கு மேலே முதுகெலும்பை முறித்துவிடும். இப்படி வரும் முயலைத் துண்டில் சுற்றி என் மேஜையில் வைப்பார்கள். முன்னங்கால்கள் நகரும், பின்னங்கால்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். விரலிடுக்கில் கிள்ளினாலும் இழுத்துக்கொள்ளாது. பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகத் தூக்கியதில் நடந்தது அது. தம்பியைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவனுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இனி மாடிக்கு வருவோம். உங்கள் மாமியார் சொல்வது முக்கால்வாசி சரி. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்க் காட்டுமுயல் பொந்து தோண்டாது. புல்லிலும் புதரிலும் பதுங்கியே காலம் தள்ளிவிடும். பொந்து தோண்டுவது ஐரோப்பிய முயல். நாம் வீட்டில் வளர்ப்பவை எல்லாம் அந்த வழி வந்தவைதான். ஆகவே பஞ்சுவும் மிளகும் பொந்து வம்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொந்து என்றால் ஒரே சமதளம் என்று நினைக்க வேண்டாம். மண்ணுக்கடியில் சரிவாக இறங்கும், திரும்பும், ஏறும். சரிவு அவற்றுக்குப் புதிதல்ல. அந்தச் சரிவில் கால் நகம் மண்ணைக் கவ்வும், இரண்டு பக்கமும் சுவர் இருக்கும், தலைக்கு மேலே கூரை இருக்கும், இறக்கம் மெதுவாக இருக்கும். உங்கள் கூண்டில் இருக்கும் பலகையில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டடி உயரத்துக்கு இரண்டரை அடிப் பலகை வைத்தால் சாய்வு 50 டிகிரிக்கு மேல் போகிறது. அது சாய்வுப் பலகை இல்லை, ஏணி. அதற்கு மேல் சன்மைக்கா வேறு. நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் சதைத் திண்டு கிடையாது, அடிப்பாதம் முழுக்க ரோமம்தான். சாக்ஸ் போட்டுக்கொண்டு ஈரமான மார்பிள் படியில் இறங்கிப் பாருங்கள், பஞ்சுவின் நிலைமை புரிந்துவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் அவற்றுக்குப் பெரிய சங்கடம். பின்னங்கால் நீளம், முன்னங்கால் குட்டை. ஏறும்போது பின்னால் இருந்து உந்திக்கொள்ளலாம். இறங்கும்போது மொத்த எடையும் அந்தக் குட்டை முன்னங்கால்களில் விழுகிறது. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வரும் பூனையைக்கூடப் பார்த்துவிடும், ஆனால் தன் மூக்குக்கு நேர் முன்னால், மோவாய்க்குக் கீழே இருப்பது தெரியாது. அடுத்த அடி வைக்க வேண்டிய இடமே அதுதான். அதனால்தான் மிளகு பலகையைத் தொடாமல் நேரே குதிக்கிறாள். பஞ்சு அதற்கும் துணியவில்லை. அவள் காலால் தட்டுவதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஆபத்து, ஜாக்கிரதை' என்று கூட்டத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. கீழே இருக்கும் மிளகும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஒவ்வொரு முறை தூக்கி விடும்போதும், மேல்மாடி ஆபத்தான இடம் என்ற பாடம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

ஆக, முயலைப் பழக்குவதற்கு முன்னால் கூண்டைத் திருத்த வேண்டும். பொது விதி ஒன்று உண்டு: ஏற வேண்டிய உயரம் எவ்வளவோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு பலகையின் நீளம் இருக்க வேண்டும். அப்போது சாய்வு 30 டிகிரிக்கு வரும். மூன்று மடங்கு என்றால் இன்னும் சுகம். உங்கள் இரண்டடிக்கு நான்கடிப் பலகை. நான்கடிக் கூண்டுக்குள் அதை வைத்தால் கீழ்த்தளமே பலகையாகிவிடும். பால்கனியில் இடம் இருந்தால், மேல்தளத்துக்கு ஒரு பக்கக் கதவு வைத்து, பலகையை வெளியே இறக்கலாம். அதற்கு பால்கனி முழுவதையும் வலை போட்டு அடைக்க வேண்டும், மூன்றாவது மாடி என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பலகையைக் கழற்றிவிட்டுப் பெட்டிப்படி வைப்பேன். அதே கார்பென்டரிடம் இரண்டு ப்ளைவுட் பெட்டி செய்யச் சொல்லுங்கள். ஒன்று 8 அங்குல உயரம், இன்னொன்று 16 அங்குலம். மேல்பரப்பு இரண்டுக்கும் சுமார் 14 அங்குல நீளம், 12 அங்குல அகலம். பின்சுவரை ஒட்டி அடுத்தடுத்து வைத்தால் தரை, 8, 16, 24 என்று மூன்று சின்னத் துள்ளலில் மேல்தளம் வந்துவிடும். 8 அங்குலம் எல்லாம் ஆரோக்கியமான முயலுக்கு ஒரு பொருட்டே இல்லை. உயரமான பெட்டிக்கு நேர் மேலே, பெட்டியின் முழு அளவுக்கு மேல்தளத்தில் திறப்பு இருக்க வேண்டும். குறுகினால் காது இடிக்கும், காது இடித்த வழியில் முயல் மறுபடி போகாது. ஏறி வெளியே வரும் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, திறப்பைச் சுற்றி நாலைந்து அங்குலத் தடுப்புப் பலகை அடியுங்கள். பெட்டிகளை அடைத்த பெட்டியாகச் செய்ய வேண்டாம். உள்ளே வெற்றாக விட்டு, பக்கத்தில் ஒரு வாசலும் அதற்கு எதிரே இன்னொரு வாசலும் வெட்டச் சொல்லுங்கள். மேலே படி, அடியில் பொந்து. கீழ்த்தளத்தில் ஒரு அங்குலம்கூட வீணாகாது. மாமியாருக்கும் திருப்தி.

மேல்பரப்பில் சாயம் போடாத கோரைப்பாயை வெட்டி, ஓரத்துத் துணியைப் பிரித்து எடுத்துவிட்டு, நாலு பக்கமும் ரீப்பர் கட்டையால் அழுத்திப் பொருத்துங்கள். கால் பிடிக்கும். கடித்தாலும் பெரும்பகுதி கோரைப்புல்தானே. ஜமுக்காளம், பழைய துண்டு, பிளாஸ்டிக் பாய் எதுவும் வேண்டாம். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. விழுங்கிய நூல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எதைப் பொருத்தினாலும் ஆடக்கூடாது. ஒருமுறை ஆடிய பெட்டியில் முயல் கால் வைக்க வாரக்கணக்கில் யோசிக்கும்.

மேல்தளத்துக் கம்பிவலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணைகளில் கழிவு தானாக விழ வேண்டும் என்று வலைத்தரை போடுவார்கள். கூண்டு செய்பவர்கள் அதையே பார்த்து வீட்டு முயலுக்கும் செய்து கொடுத்துவிடுகிறார்கள். திண்டு இல்லாத பாதம் கம்பியில் அழுந்தினால் குதிகால் பக்கம் ரோமம் உதிரும், சிவக்கும், புண்ணாகும். இரண்டையும் மடியில் வைத்து, பின்பாதத்தை ரோமத்தை விலக்கிப் பாருங்கள். சிவப்பாகவோ மொட்டையாகவோ இருந்தால் மாடிப் பயிற்சியை ஒத்திவைத்து, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நகம் வளைந்து நீண்டிருந்தாலும் பாதம் தரையில் சரியாகப் பதியாது, அதையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். வலையின் மேல் ப்ளைவுட் போட்டு, அதன்மேல் கோரைப்பாய் விரித்துவிடுங்கள். மூத்திரம் போக மேல்தளத்திலும் ஒரு தட்டு வையுங்கள். கழிப்பிடம் கீழே மட்டும் இருந்தால் மேலே போன முயல் அவசரத்துக்கு அங்கேயே போகும், அது ஒழுகிக் கீழே இருப்பவர் தலையில் விழும்.

திருத்தம் முடிந்ததும் பெட்டிகளை உடனே கூண்டுக்குள் வைத்துவிடாதீர்கள். முதலில் குட்டைப் பெட்டியை மட்டும் ஹாலில் போடுங்கள். முயல்கள் வந்து முகர்ந்து, சுற்றி, உள்ளே நுழைந்து பார்க்கும். ஒருநாள் மேலே ஏறி உட்காரும். கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் நோட்டம் விடுவது அவற்றுக்குப் பிடித்த காரியம். மோவாயைப் பெட்டி விளிம்பில் தேய்த்தால் காரியம் பாதி முடிந்தது. மோவாயின் அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, 'இது என்னுது' என்று எழுதி வைப்பது அப்படித்தான். அப்புறம் இரண்டாவது பெட்டியைப் பக்கத்தில் சேருங்கள். இரண்டிலும் ஏறி இறங்க ஆரம்பித்த பிறகு இரண்டையும் கூண்டுக்குள் மாற்றுங்கள். ஹாலிலேயே இறங்கவும் பழகியிருப்பதால் கூண்டுக்குள் இறக்கம் பயமுறுத்தாது.

இங்கேதான் தம்பியின் வேலை. விடிகாலையும் பொழுது சாயும் நேரமும்தான் முயல் சுறுசுறுப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அதை எழுப்பிப் படி ஏறச் சொன்னால் யார்தான் ஏறுவார்கள்? பள்ளிக்குப் போகும் முன் ஐந்து நிமிடம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். தரையில் உட்கார்ந்து, ஒரு கொத்தமல்லித் தழையைப் படியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்து எட்டித் தின்றுவிட்டு ஓடினால் அன்றைக்கு அது போதும். அடுத்த நாள் தழை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகும். புதினா, முள்ளங்கித் தழையும் நல்லது. கேரட் சுண்டுவிரல் நுனியளவு, அதுவும் எப்போதாவது. பின்னாலிருந்து தள்ளுவது, குரல் கொடுப்பது, ஏறியதும் கைதட்டுவது கூடாது. பையன்களுக்கு அந்தக் கைதட்டலை அடக்குவதுதான் கஷ்டம். சில முயல் இரண்டே நாளில் ஏறும், சிலது மாதம் எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் மிளகு முதலில் போவாள் என்று நினைக்கிறேன், பஞ்சு அவளைப் பார்த்துத்தான் போவாள்.

மேலே போனால் அங்கே அவற்றுக்குத் தெரிந்த வாசனை இருக்க வேண்டும். கீழ்த்தளத்துப் பழைய புல் ஒரு கைப்பிடி, நாலு புழுக்கை, எல்லாவற்றையும் மேலே போட்டு வையுங்கள். அவை ஒளிந்துகொள்ள, இரண்டு வாசல் வைத்த அட்டைப்பெட்டி ஒன்றும் வேண்டும். பால்கனி கைப்பிடிச் சுவரில் காக்கை உட்கார்ந்தாலே பதறும் பிராணிக்குத் திறந்த மேடையில் நிம்மதி கிடைக்காது. இரண்டு வாசல் ஏன் என்றால், ஒருத்தி வாசலை மறித்து உட்கார்ந்தால் மற்றவள் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதே காரணத்துக்காகத் தண்ணீரும் காய்ந்த புல்லும் இரண்டு தளத்திலும் இருக்கட்டும்.

இனி வெயில். பால்கனி எந்தத் திசை பார்த்தது என்று எழுதவில்லை. மேற்கு என்றால் பங்குனியிலிருந்தே அந்த மேல்தளம் பயன்படாது. முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் இறக்குகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம்தான், சென்னைக் கத்திரியோ 40ஐத் தொடுகிறது. மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பது கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் என்பதைப் பார்த்தால் இந்தப் பிராணிக்கு எந்த ஊர் ஒத்துவரும் என்று தெரியும். சூடான காற்று மேலே சேரும், கூண்டின் கூரையும் சூடாகி இறங்கும். அந்த நாட்களில் முயல் மேலே போக மறுத்தால் அதன் பேச்சைக் கேளுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை பகலில் வீட்டுக்குள், வெறும் தரையில், ஃபேன் காற்றில் இருக்கட்டும். படுக்க ஒரு செராமிக் டைல், சாய்ந்துகொள்ள துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, காது சிவந்து கொதித்தாலோ, எச்சில் ஒழுக நீட்டிப் படுத்தாலோ வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். காதைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்தபடியே மருத்துவரிடம் ஓடுங்கள், ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். "இரண்டும் பெண்" என்று வாங்கிய ஜோடிகளில் ஒன்று ஆணாக இருப்பது என் அனுபவத்தில் சர்வசாதாரணம். குட்டி முயலில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது லேசான வேலை இல்லை. நாலைந்து மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், கர்ப்பம் ஒரே மாதம்தான். சினையாக இருப்பவள் படி ஏற மறுப்பதில் வியப்பில்லை. நகம் வெட்டப் போகும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூண்டைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனால் இரண்டு தளம் சேர்ந்தால் இரண்டு மடங்கு இடம் என்ற கணக்கு முயலிடம் செல்லாது. அதற்கு வேண்டியது ஒரே மூச்சில் ஓடுகிற தரை. பிரிட்டனில் முயல் நல அமைப்புகள் ஒரு ஜோடிக்குச் சொல்லும் அளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 1 மீட்டர். நம் ஃபிளாட்டில் அது ஒரு பெட்ரூமில் பெரும்பங்கு. அதனால் கூண்டின் கீழ்க்கதவைக் காலையும் மாலையும் சில மணி நேரம் திறந்துவிட்டு, வயர்களை எல்லாம் மேலே தூக்கிக் கட்டிவிட்டு, ஹாலை அவற்றுக்குக் கொடுங்கள். மாடி ஏறினால் சரி. இரண்டு மாதம் பொறுமையாகப் பார்த்தும் பஞ்சு ஏறவே இல்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், அவளுக்குக் கீழ்த்தளமும் பெட்டிப் பொந்தும் ஹாலும் போதும். மேல்தளத்தில் புல் மூட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மட்டும் வாரம் ஒருமுறை கையை உள்ளே விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்; பூசணம் பிடித்த புல்லை ஒரு இணுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.